துரையின் தொப்பியில் இருந்ததுதானா இது?

முதலில் கிரீடத்தைப் பாருங்கள்.

பழைய பித்தளைச் சின்னம் ஒன்றை மேசையில் வைத்து, "இது துரையோட தொப்பியில இருந்தது சேர், சண்டைக் காலத்துச் சாமான், பங்களாவில இருந்து வந்தது" என்று கடைக்காரர் தொடங்கும்போது காதைக் கதைக்குக் கொடுங்கள், கண்ணைச் சின்னத்தின் உச்சியில் வையுங்கள். அங்கே கிரீடம் இருந்தால் அதன் வளைவுகள் நடுவில் எப்படிச் சந்திக்கின்றன என்று பாருங்கள். மேலே உருண்டு குவிந்து எழுந்தால் அது ராஜா கிரீடம். 1901 தொடக்கம் 1952 வரை பிரித்தானியப் படைச் சின்னங்களில் இருந்தது அதுதான். நடுவில் பள்ளம் விழுந்து உள்வாங்கியிருந்தால் அது ராணி கிரீடம். இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறிய பிறகு புழக்கத்துக்கு வந்த வடிவம். யுத்தம் 1945-லேயே முடிந்துவிட்டது. பள்ளம் விழுந்த கிரீடத்தைக் காட்டி இரண்டாம் உலக யுத்தம் என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இந்தக் கிரீடக் கணக்கு மலையகத்தில் இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். இங்கே அதிகம் பேசப்படுவது, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் விசாரித்து வருவது, ஒரே ஒரு படையின் சின்னத்தைத்தான்: சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர். சுருக்கமாகத் துரைமார் படை என்போம். கண்டியைத் தளமாகக் கொண்டு 1900-ல் உருவானது, 1949-ல் கலைக்கப்பட்டது. விக்டோரியா மகாராணி இறந்தது 1901 ஜனவரியில். ஆகவே இந்தப் படையின் வாழ்நாள், தொடக்கத்துச் சில மாதங்களை விட்டால், முழுவதும் நான்கு ராஜாக்களின் காலம். இந்தப் படையின் பெயரோடு ராணி எலிசபெத்தின் கிரீடமும் சேர்ந்து ஒரு சின்னத்தில் இருந்தால், அது படை கலைந்த பிறகு யாரோ செய்தது. பூதக்கண்ணாடி கூடத் தேவையில்லை.

படை சிறியது என்பதும் முக்கியம். உறுப்பினர் எல்லோரும் மலைநாட்டுத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமார், சின்னத்துரைமார். தோட்டத்தை நடத்திக்கொண்டே பயிற்சிக்குப் போன தொண்டர் படை. முதலாம் உலக யுத்தம் தொடங்கியதும், 1914 அக்டோபரில், மேஜர் ஹால் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 பேரும் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். முதலில் சூயஸ் கால்வாய்க் காவல். பிறகு அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு சேர்க்கப்பட்டு, 1915-ல் கலிப்பொலியில் தளபதி பேர்ட்வுட்டின் தலைமையகக் காவலர்களாக நின்றார்கள். யுத்தம் முடியும்போது 80 பேர் இறந்திருந்தார்கள், 99 பேர் காயப்பட்டிருந்தார்கள். கொழுந்து நிறுத்து, பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர்கள் துருக்கியக் கரையில் குண்டுமழைக்குள் நின்றார்கள் என்பது, அவர்கள் மீது நமக்கு என்ன கணக்கு இருந்தாலும், சாதாரண விஷயமல்ல.

சந்தைக்கு இதன் அர்த்தம் வேறு. போனவர்கள் சில நூறு பேர். 'கலிப்பொலி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாங்குவதற்கு ஆள் உண்டு. சரக்குக் குறைவு, தேவை அதிகம். போலி பிறப்பதற்கு வேறென்ன வேண்டும்?

கிரீடச் சோதனையில் ஒரு வழுக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1949-ல் இலங்கை இராணுவம் அமைந்தது. ஆனால் 1952 தொடக்கம் 1972-ல் குடியரசாகும்வரை நாட்டின் அரசி எலிசபெத்தான். அந்த இடைக்காலத்து இலங்கைப் படைச் சின்னங்களில் ராணி கிரீடம் இருப்பது நியாயமே. அவை அசல். ஆனால் போர்க்காலத்துச் சாமான் அல்ல. கடைகளில் பாதிக் குழப்பம் இப்படித்தான் வருகிறது: உலோகம் பொய் சொல்லாது, கூட வரும் கதை சொல்லும். இன்னொரு வழுக்கல் புதியது. 2022-ல் மூன்றாம் சார்ள்ஸ் தனக்காகத் தேர்ந்தெடுத்தது மறுபடியும் அந்தக் குவிந்த கிரீடத்தை. இனிமேல் பிரித்தானியாவில் அடிக்கப்படும் புத்தம்புதுச் சின்னங்களிலும் குவிந்த வளைவுதான் இருக்கும். அவற்றில் ஒன்றை மண்ணில் புதைத்து எடுத்து 'அப்பன் காலத்துச் சாமான்' என்று விற்க எவ்வளவு நாளாகும் என்று தெரியவில்லை.

கிரீடம் தேறினால் சின்னத்தைத் திருப்புங்கள். பழக்கப்பட்டவர்கள் முகத்தைவிட முதுகைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் செய்த தொப்பிச் சின்னங்கள் பெரும்பாலும் அச்சில் அடித்தவை: பித்தளைத் தகட்டை எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து இயந்திரம் ஓங்கி அடிக்கும். முன்னால் மேடாக இருப்பது பின்னால் குழியாகத் தெரியும், எழுத்தின் விளிம்பு நகம் இடறும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். போலிக்காரனிடம் அந்த அச்சு இல்லை. அவன் அசலை மண்ணில் அழுத்தி அச்செடுத்து உருக்கிய பித்தளையை ஊற்றுகிறான். அப்போது மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் விழும், எழுத்துகள் மழுங்கும், ஓரத்தில் பிசிறை அராவிய தடம் நிற்கும். இன்னொன்றும் நடக்கும், அதை எந்தக் கெட்டிக்காரனாலும் தவிர்க்க முடியாது. சூடான உலோகம் ஆறும்போது சுருங்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தது அசலைவிட நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சிறியதாகவே வரும். கண்ணுக்குத் தெரியாது, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கிடக்கும் வேணியர் இடுக்கிமானிக்குத் தெரியும்.

இதே சுருக்கம் முதலாம் உலக யுத்தத்தின் நினைவு வட்டுக்கும் பொருந்தும். யுத்தத்தில் இறந்தவரின் வீட்டாருக்குப் பிரித்தானிய அரசு அனுப்பிய வெண்கல வட்டு அது. 13 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். சுமார் 120 மில்லிமீற்றர் விட்டம். பிரித்தானியா தேவி, சிங்கம், ஒரு சட்டத்துக்குள் இறந்தவரின் பெயர். பதவி கிடையாது. ஜெனரலும் சிப்பாயும் சாவில் ஒன்று என்று அப்படி வைத்தார்கள். அசலே வார்ப்புதான், ஆகவே இங்கே வார்ப்பு என்பது குற்றமில்லை. ஆனால் அசலிலிருந்து வார்த்த நகல் மறுபடியும் சுருங்கியிருக்கும். அளந்தால் அகப்பட்டுவிடும்.

இனி வருவது தலையைச் சொறிய வைக்கும் இடம். வார்ப்பு என்றாலே போலி என்று முடிவு கட்டுகிறவர்கள் குடியேற்ற நாட்டுச் சின்னங்களில் ஏமாறுவார்கள். பேர்மிங்ஹாமிலிருந்து சரக்கு வரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். தொப்பியில் சின்னம் இல்லாமல் அணிவகுப்பில் நிற்க முடியாது. இந்தியாவிலும் எகிப்திலும் முகாமுக்கு வெளியே கடைத்தெருவில் கன்னார்கள் மண் அச்சில் வார்த்துக் கொடுத்தார்கள். படையினர் அதைத்தான் அணிந்தார்கள். எழுத்து கோணலாக இருக்கும், யானை எருமைபோல் இருக்கும். ஆனாலும் அது அசல். யுத்தத்துக்குப் போய் வந்தது. லண்டன் பிரசுரங்களைப் படித்துப் பழகிய சேகரிப்பாளர் அதைத் தூக்கி எறிவார். போலிக்காரனுக்கும் இது தெரியும். தன் மோசமான வார்ப்பை "லோக்கல் மேக், அதான் இப்படி" என்று விற்பதற்கு அவனுக்கும் இது வசதி. இந்தக் கட்டத்தில் உலோகம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. தேய்மானத்தைக் கேட்க வேண்டும்.

தேய்மானத்தில் ஒரு நியாயம் உண்டு. தொப்பியில் வருடக்கணக்காக இருந்த சின்னம் எழும்பி நிற்கும் இடங்களில் தேய்ந்திருக்கும்: கிரீடத்தின் முடி, மிருகத்தின் நெற்றி, நடு எழுத்துகள். பள்ளங்களில் தேய்வு இராது. அங்கே மினுக்கும் களிம்பின் மிச்சம் காய்ந்து அடைந்திருக்கும். பிராசோ 1905-லேயே பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. துரைமார் வீட்டில் அது இல்லாமல் இருந்திருக்காது. தேய்த்தது துரை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். போலியில் தேய்மானம் எல்லா இடத்திலும் சமமாக இருக்கும், உப்புத்தாளால் ஒரே கையாக உரசியதால். பின்பக்கம் பளபளவென்றும் முன்பக்கம் கறுத்தும் இருக்கும், அல்லது எதிர்மாறாக. பின்பக்கத்து வளையங்களைப் பாருங்கள். முதுகில் ஊசி செருகும் வளையங்களோ தொப்பிப் பட்டியில் செருகும் கொளுவித் தகடோ இருக்கும். அவை சேரும் இடத்தில் சாம்பல் நிற ஈயப்பற்று பளபளவென்று புதிதாக வழிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

நம் வீடுகளின் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எந்தப் பித்தளையைக் கண்டாலும் புளி போட்டுத் துலக்கிவிடுவோம். குத்துவிளக்குக்கு அது சரி. நூறு வருடக் களிம்பும், பள்ளத்தில் அடைந்த பழைய மினுக்குப் பொடியும், தேய்மானத்தின் சாட்சியும் அந்த ஐந்து நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று யோசிக்கும் சின்னத்தில் புளியும் சாம்பலும் படவே கூடாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். வருடத்தில் பாதிக்கு மேல் பனியும் ஈரமும். இங்கே ஒரு பெட்டியில் கிடந்த பித்தளையில் பச்சை ஏறாமல் இராது. அந்தப் பச்சை உலோகத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும், நகத்தால் சுரண்டினால் இலேசில் வராது. வினாகிரியும் உப்பும் போட்டு அவசரமாக ஏற்றிய பச்சை பொடியாக உதிரும்.

தலைகீழாக ஏமாறுவதும் உண்டு. பழைய பெட்டியில் மண்ணிறமாக ஒரு பிளாஸ்டிக் சின்னம் கிடந்தால் என்ன செய்வீர்கள்? பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று குப்பையில் போடுவீர்கள். அதுதான் தப்பு. இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில், 1942 அளவில், பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்து பிரித்தானியாவில் தொப்பிச் சின்னங்களையே பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். உண்மையான போர்க்காலச் சாமானில் அதுவும் ஒன்று. மறுபக்கம், இலேசான, தங்கம்போல் மின்னும் அலுமினியச் சின்னத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மினுக்கத் தேவையில்லாத அந்த வகை 1950-களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

உலகம் முழுதும் அதிகமாகப் போலி செய்யப்படுவது ஜெர்மன் சின்னங்களைத்தான். நமக்கு அது தூரத்து விவகாரம் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்வஸ்திகா இல்லாத இரும்புச் சிலுவையைக் கண்டதும் போலி என்று சிலர் சொல்வார்கள். மேற்கு ஜெர்மனி 1957-ல் ஒரு சட்டம் போட்டு, பழைய யுத்தப் பதக்கங்களை ஸ்வஸ்திகாவை நீக்கி அணியலாம் என்று அனுமதித்தது. அதற்காக அடித்தவை அவை. அசலுக்கும் போலிக்கும் நடுவே இப்படி மூன்றாவது இனம் ஒன்று எப்போதும் உண்டு: பழைய அச்சில் பிறகு அடித்தது. பேர்மிங்ஹாமின் பெயர்பெற்ற நிறுவனங்களின் அச்சுகளிலிருந்தே யுத்தம் முடிந்து வருடக்கணக்கானபின் சேகரிப்பாளருக்காக அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் சீருடைச் சின்னம் செய்வது இன்றும் பெரிய, நேர்மையான தொழில். அங்கே ஞாபகப் பொருளாகப் புறப்படும் சரக்கு மூன்று கை மாறும்போது 'அசல்' ஆகிவிடுவதற்கு செய்தவர் பொறுப்பல்ல.

சின்னத்தை விட்டுப் பதக்கத்துக்கு வந்தால் வேலை இலகு. முதலாம் உலக யுத்தத்துப் பிரித்தானியப் பதக்கங்களில் பெற்றவரின் இலக்கம், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கும். வெள்ளிப் பதக்கத்தில் விளிம்பைச் சுற்றி, 1914-15 நட்சத்திரத்தில் முதுகில். லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்க அட்டவணைச் சீட்டுகளின் பிரதிகள் இருக்கின்றன; இணையத்திலேயே தேடலாம். அந்த யுத்தத்துச் சிப்பாய்களின் முழு சேவைக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பர் விமானத் தாக்குதலில் எரிந்து போனதால் இந்தச் சீட்டுதான் பலருக்கு மிச்சம். விளிம்பில் பழைய பெயரை அராவி அழித்துப் புதுப்பெயர் பொறித்திருந்தால் அந்த இடம் மட்டும் மெலிந்திருக்கும். இதிலும் இடுக்கிமானி உதவும்.

இரண்டாம் உலக யுத்தத்துப் பதக்கங்கள் இங்கே சுவாரசியமாகின்றன. பிரித்தானியா தன் வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயரே கிடையாது. யாருடையது என்றும் சொல்லலாம், சொல்லுகிறார்கள். ஆனால் இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகியவை தம் வீரர்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. இதில் மலையகத்துக்கு ஒரு செய்தி உண்டு. துரைமார் படையில் தொழிலாளிக்கு இடமில்லை. வெள்ளைத்தோல் இல்லாதவர் யாருக்குமே இல்லை. லயத்துக் காம்பரா ஒன்றில் "எங்க தாத்தா அந்தப் படையில இருந்தாரு" என்று அந்தச் சின்னம் கிடைத்தால், சின்னம் நூற்றுக்கு நூறு அசலாக இருந்தாலும் கதை நடந்திருக்க வழியில்லை. அதே காம்பராவில் விளிம்பில் தமிழ்ப் பெயரும் இந்தியப் படைப் பிரிவின் பெயரும் பொறித்த ஒரு பதக்கம் கிடைத்தால் நிமிர்ந்து உட்காருங்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துச் சொந்தங்களில் மதராஸ் சாப்பர்ஸிலும் வேறு படைகளிலும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் கையில் அப்படியொன்று வந்து சேர்ந்திருக்க எல்லா நியாயமும் உண்டு. வாங்க வருபவர் துரையின் சின்னத்தை ஆசையோடு பார்த்துவிட்டு இதை ஓரமாகத் தள்ளுவார். தள்ளட்டும்.

அப்படியானால் துரையின் சின்னம் லயத்துக்கு எப்படி வந்தது? வழிகள் பல, எல்லாம் நம்பக்கூடியவை. பங்களாவில் அப்புவாக இருந்தவர் சீருடையை மினுக்கினார். துரை ஊருக்குத் திரும்பும்போது பழைய கோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். தையற்காரர் வெட்டி எடுத்து வைத்தார். 1972 நிலச் சீர்திருத்தத்தாலும், கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்த 1975 சட்டத்தாலும் பங்களாக்கள் கைமாறின. அலமாரிகள் காலியானபோது யார் யாருக்கு என்ன கிடைத்ததென்று கணக்கில்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் தகரப் பெட்டிகளில் இப்படிச் சில சாமான்களும் போயிருக்கலாம். கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேடிப் பார்க்க யாருக்காவது தோன்றினால் நல்லது. இங்கேயே இருந்த குடும்பங்களில் பலர் 1980-களுக்குப் பிறகு இராணுவச் சின்னம் எதையும் வீட்டில் வைத்திருக்கப் பயந்தார்கள். சோதனைச் சாவடியில் 'இது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்' என்று தமிழன் விளக்கம் சொல்லித் தப்பிக்கிற காலமா அது?

கதையைச் சோதிக்க ஒரு புத்தகம் இருக்கிறது: பெர்குசன் இலங்கை விபரக்கொத்து. தோட்டம் தோட்டமாக, எந்த வருடத்தில் யார் துரை என்று அதில் பார்க்கலாம். "1940-ல டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துத் துரையோடது" என்று ஒருவர் பெயரோடு சொன்னால் அந்த வருடத்துப் பிரதியைப் புரட்டினால் போதும். பெயர் இல்லாமல் 'பழைய துரை' என்று மட்டும் வரும் கதைக்கு நான் ஐந்து ரூபா கூடக் கூட்டிக் கொடுக்கமாட்டேன்.

துரை தொப்பியில் பித்தளை அணிந்த அதே காலத்தில் தொழிலாளியின் கழுத்திலும் ஓர் உலோகத் துண்டு தொங்கியது. 1901-ல் வந்த தகரச் சீட்டு. தென்னிந்தியாவிலிருந்து புறப்படும்போதே மாட்டிவிடுவார்கள். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம். தொடக்கத்தில் தட்டப்பாறை முகாம் வழியாக, பிந்திய வருடங்களில் மண்டபம் முகாம், தலைமன்னார், அங்கிருந்து மலை; வழிச்செலவு எல்லாம் அந்த இலக்கத்தின் தோட்டத்துக் கணக்கில் ஏறும், கடைசியில் தொழிலாளியின் கடனில் வந்து நிற்கும். பெயர் கிடையாது. நினைவு வட்டில் பதவி இல்லாததும் சீட்டில் பெயர் இல்லாததும் ஒரே பேரரசின் இரண்டு முடிவுகள். அச்சில் அடித்த தகரம் துருப்பிடித்து நொறுங்கும்; பித்தளைபோல் நிலைக்காது. அதனால் இன்று ஒன்று கிடைத்தால், எழுத்தும் இலக்கமும் படிக்க முடிந்தால், அதைத் தொட்டுத் துடைக்காமல் காய்ந்த இடத்தில் வையுங்கள். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே, தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகம் ஒன்று 2007 முதல் இருக்கிறது. காட்டிக் கேட்கலாம்.

சின்னம் அணிவதும் மறுப்பதும் அரசியலாக இருந்த ஒரு காலம் இந்த நாட்டில் உண்டு. நவம்பர் 11-ல் யுத்த நினைவாக விற்ற பொப்பிப் பூவின் பணத்தில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போனது. அதை எதிர்த்து 1930-களில் இளைஞர்கள் பூவரசம்பூவை விற்றார்கள். சூரியமல் இயக்கம் என்று அதற்குப் பெயர். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் கிராமங்களுக்கு மருந்தோடு போனவர்களில் அந்த இயக்கத்தார் இருந்தார்கள். இடதுசாரி அரசியல் பின்னர் தோட்டங்களுக்குள் வந்த பாதையில் அந்தப் பூவும் கிடக்கிறது.

யுத்தம் மலையகத்தில் விட்டுப்போன அசல் அடையாளம் எது என்று கேட்டால், நான் தொப்பிச் சின்னத்தைக் காட்டமாட்டேன். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்றது, பங்கீட்டில் கோதுமை மா வந்தது. காலையில் கொழுந்துக்குப் போகும் பெண்ணின் கையில் இன்றும் இருக்கும் ரொட்டிக்கு அந்த யுத்தத்தோடு சம்பந்தம் உண்டு. ஆனால் அதற்குச் சேகரிப்பாளர் இல்லை.

உங்கள் வீட்டில் சின்னம் இருந்தால் செய்யவேண்டியது சிறு வேலை. துலக்காமல் இருபக்கமும் படம் எடுங்கள். அளந்து எழுதுங்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் எப்படி வந்தது என்று கேட்டு, அவர் சொன்ன மாதிரியே ஒரு கடதாசியில் எழுதி, திகதி போட்டு, சின்னத்தோடு வையுங்கள். தாத்தா பங்களாவில் அப்பு என்றால் அப்பு என்றே எழுதுங்கள், தோட்டத்தின் பெயரையும் தாத்தாவின் முழுப்பெயரையும் போடுங்கள். வாங்க வருகிறவர் அதைப் படித்துவிட்டு, இதில் படைவீரன் கதை இல்லையே என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார். குறைத்தால் விற்காதீர்கள்.